கண்காணாச் சாரதி

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் வேகத்தின் சரித்திரத்தையும், அதை விட்டால் முதலாளிமார்களின் சரித்திரத்தையும் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஓட்டுகிறவனுடைய கையிலும் காலிலும் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாக யந்திரத்தின் வசம் போய்ச் சேர்ந்த விருத்தாந்தத்தை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஹைப்ரிட் காரைக் காட்டிலும் தகுந்த பாடம் வேறு கிடையாது என்பது என் அபிப்பிராயம். பெட்ரோல் என்ஜினையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியில் பொருத்தி எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனை, மோட்டார் காரின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க அளவுக்குப் பழையது. ஆயினும் அந்த யோசனை சாமானியக் குடும்பஸ்தன் விலை கொடுத்து வாங்கி ஓட்டக்கூடிய வண்டியாக உருவெடுக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. என்ஜினும் மோட்டாரும் எப்போதோ தயாராக இருந்தன. இரண்டையும் ஒருசேரச் சமாளிக்கத்தக்க சுறுசுறுப்புள்ள சாரதிதான் பிறக்கவில்லை. அந்தச் சாரதி பிறந்தபோது அவன் மனிதனாக இல்லை.

வியன்னா நகரில் ராஜ குடும்பத்தாருக்குக் கோச்சு வண்டிகள் செய்து கொடுத்துப் பேர் பெற்ற லோனர் கம்பெனியில், பிற்காலத்தில் உலகப் பிரசித்தி அடையப்போகும் பெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் வேலைக்கு அமர்ந்து, முன்சக்கரங்களின் குடத்துக்குள்ளேயே மின்சார மோட்டார்களை அடக்கிய ஒரு வண்டியை 1900ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். பார்த்தவர்கள் வியந்தார்கள், ஆனால் அதன் ஈயப் பாட்டரி நானூறு கிலோவுக்கு மேல் கனத்தது, அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு அது போகக்கூடிய தூரமோ சொற்பம். பாட்டரியைக் குறைத்துவிட்டு, பெட்ரோல் என்ஜினால் டைனமோவைச் சுழற்றி ஓடும்போதே மின்சாரம் உற்பத்தி செய்தால் என்ன என்று போர்ஷே யோசித்ததன் விளைவாக அதே ஆண்டில் பிறந்த ‘செம்பர் விவுஸ்’ என்ற வண்டியும், அதைத் தொடர்ந்த ‘மிக்ஸ்ட்’ என்ற வண்டியும் இன்றைய ஹைப்ரிட் கார்களுக்கு முப்பாட்டன் முறையாகவேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹென்றி பீப்பர் என்பவர், மேடு ஏறும்போது மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்கவும், சமதரையில் என்ஜினின் மிச்ச சக்தி பாட்டரிக்குப் போய்ச் சேரவும் ஓர் ஏற்பாட்டைச் சிந்தித்து, 1905இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1909இல் காப்புரிமை பெற்றார். இன்று ஜப்பானியக் கார்களின் விளம்பரத்தில் அதிசயமாக வருணிக்கப்படும் விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த மனுவில் இருக்கிறது.

இவர்களைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது சிகாகோவில் வுட்ஸ் கம்பெனியார் 1916 வாக்கில் விற்ற ‘டூயல் பவர்’ என்ற வண்டி. அதில் கிளட்ச் மிதிக்கும் வேலை கிடையாது. ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் விரலால் நகர்த்தும்படியான இரண்டு சிறிய நெம்புகோல்கள் உண்டு: ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று பெட்ரோலுக்கு. வண்டிக்காரர் முதல் நெம்புகோலை மெல்லத் தள்ள, வண்டி ஓசையின்றிப் புறப்பட்டு மணிக்கு இருபது மைல் வரையில் மின்சாரத்தாலேயே ஓடும். பிறகு மற்றதைத் தள்ள, மோட்டாரின் சுழற்சியால் என்ஜின் உயிர் பெறும். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் முப்பத்தைந்து மைல் வேகம். மின்சார நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால் வண்டியின் வேகம் குறைந்து அந்தச் சக்தி பாட்டரிக்குத் திரும்பும். எந்த வேளையில் எதற்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்று தீர்மானிக்கிற பொறுப்பு முழுவதும் ஓட்டுகிறவருடைய இரண்டு விரல்களைச் சேர்ந்தது. குணம் ஒவ்வாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டி, ஒன்றை அதட்டி மற்றதைத் தட்டிக்கொடுத்து ஓட்டுகிற வண்டிக்காரனுக்குக்கூட மாட்டின் முதுகு கண்ணெதிரே இருக்கிறது. பாட்டரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, என்ஜின் எந்தச் சுழற்சியில் சிக்கனமாக ஓடும் என்பதெல்லாம் சிகாகோக்காரருடைய கண்ணுக்குப் புலப்படாதவை. ஆகவே அந்த வண்டி வேகமாகவும் போகவில்லை, பிரமாதமாக மிச்சமும் பிடிக்கவில்லை, விலையோ சாதாரணப் பெட்ரோல் வண்டிகளைப்போலப் பல மடங்கு; இரண்டொரு வருஷத்தில் கடையைக் கட்டினார்கள்.

அக்காலத்து வண்டியோட்டிகள் சளைத்தவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஹென்றி போர்டின் மாடல்-டி வண்டியில் ஸ்டியரிங் தண்டுக்கு இடப்புறம் ஒரு நெம்புகோல் இருந்தது. தீப்பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்பதை ஓட்டுகிறவரே அதனால் முன்னும் பின்னுமாக நகர்த்தி நிர்ணயிக்கவேண்டும். கைப்பிடி போட்டுச் சுழற்றுவதற்குமுன் அதைப் பின்னுக்குத் தள்ள மறந்தவர்களுக்கு, என்ஜின் எதிர்ப்புறம் உதைத்து மணிக்கட்டு முறிந்தது. 1912இல் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடி தொலைந்தது. சில வருஷங்களில் தீப்பொறியை எடையாலும் வெற்றிட இழுவையாலும் தானே சரிசெய்துகொள்ளும் சாதனம் வந்து அந்த நெம்புகோலும் தொலைந்தது. நம் ஊரில் அம்பாஸடரும் பியட்டும் ஆண்ட நாட்களில் காலைக் குளிரில் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்பது டிரைவர்களின் தொழில் ரகசியமாக இருந்தது. அதுவும் பிற்பாடு போய்விட்டது. இப்படி ஒவ்வொரு வேலை கைவிட்டுப் போனபோதும் ‘என் வண்டியின்மேல் எனக்கிருந்த அதிகாரம் குறைந்துவிட்டதே’ என்று எவரும் அழுததாகத் தெரியவில்லை. கெட்டரிங்கின் ஸ்டார்ட்டர் செய்த இன்னொரு காரியம் உண்டு: பெட்ரோல் வண்டியில் இருந்த பெருங்குறையை அது நிவர்த்தி செய்துவிட்டபடியால் மின்சார வண்டிக்கும் கலப்பு வண்டிக்கும் இருந்த கொஞ்சநஞ்சக் கிராக்கியும் அற்றுப்போயிற்று. மலிவான பெட்ரோல் ஐம்பது வருஷத்துக்கு அந்த யோசனையைத் தூங்கவைத்தது.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் காருக்குள் நுழைந்த கதை சுவாரசியமானது. அதை அழைத்துவந்தது காரை வாங்குகிற ஜனங்களல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டமும் அதை ஒழிக்கப் பிறந்த சட்டமுமே. கண்ணை எரியச் செய்த அந்த மூட்டத்துக்கு வண்டிகளின் புகைதான் முக்கிய காரணம் என்று கால்டெக் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ரசாயன நிபுணர் ஹாகன்-ஸ்மிட் 1950களில் நிலைநாட்டினார். 1970இல் அமெரிக்க காங்கிரஸ் கடுமையான காற்றுத் தூய்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. புகையைச் சுத்திகரிக்கும் மூவழி வினையூக்கி சரியாக வேலை செய்யவேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் மயிரிழை பிசகாமல் இருக்கவேண்டும். கார்புரேட்டருக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. எனவே புகைக்குழாயில் பிராணவாயுவை அளக்கும் ஓர் உணரியை வைத்து, அது சொல்வதைக் கேட்டுக் கணத்துக்குக் கணம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி ஒன்றைப் பொருத்தவேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் விற்ற 1977ஆம் வருஷத்து வால்வோ கார்களில் அந்த உணரி வந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் யாவும் கம்ப்யூட்டரை என்ஜினுக்குக் காவல் வைத்துவிட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது.

இந்த இடைக்காலத்தில் ஒருவர் செய்த முயற்சியைச் சொல்லாமல் போனால் அநியாயமாகும். நாவலாசிரியர் ஹெர்மன் வூக்கின் சகோதரரான விக்டர் வூக் என்ற மின்பொறியாளர், 1970இல் அமெரிக்க சர்க்கார் அறிவித்த தூய்மைக் கார்த் திட்டத்தை நம்பி, தம் கூட்டாளி ஒருவருடன் ப்யூக் ஸ்கைலார்க் கார் ஒன்றின் வயிற்றைக் கிழித்து மாஸ்தா கம்பெனியின் சுழல் என்ஜினையும் மின்சார மோட்டாரையும் அதில் பொருத்தினார். 1974இல் ஆன் ஆர்பர் நகரத்து சர்க்கார் பரிசோதனைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது புகையும் பெருமளவு குறைந்திருந்தது, பெட்ரோலும் ஏறக்குறையப் பாதி மிச்சமாயிற்று. அந்தச் சமயத்தில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நின்ற ஞாபகம் அமெரிக்கர்களுக்கு மாறியிருக்கவும் இல்லை. இருந்தும் பரிசோதனை அதிகாரிகள் ஏதேதோ காரணம் சொல்லித் திட்டத்தைக் கைகழுவினார்கள். வூக் எண்பது வயதைத் தாண்டியும் உயிரோடு இருந்து, ஜப்பானிய ஹைப்ரிட் கார்கள் அமெரிக்கத் தெருவில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தார் என்பது ஒன்றுதான் நமக்கு ஆறுதல்.

ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் தலைவராக இருந்த எய்ஜி டொயோடா, ‘இதே மாதிரி வண்டிகளையே செய்துகொண்டிருந்தால் அடுத்த நூற்றாண்டில் நம் கதி என்ன’ என்று கவலைப்பட்டதிலிருந்து 1993இல் ஜி-21 என்ற திட்டம் பிறந்தது. இருபத்தோராம் நூற்றாண்டுக்கான கார் என்பது அதன் உட்கிடை. தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்ட தகேஷி உச்சியமாதா அதற்குமுன் ஒரு காரையும் தலைமை ஏற்று உருவாக்கியவர் அல்லர். அவர் முதலில் உத்தேசித்தது, பெட்ரோல் செலவைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிச்சப்படுத்தும் ஒரு நல்ல சாதாரணக் கார். மேலதிகாரியான அகிஹிரோ வாதா, ‘இரட்டிப்பு மைலேஜ் வேண்டும்; இல்லாவிட்டால் திட்டமே வேண்டாம்’ என்று ஒரே பிடியாக நின்றார். இரட்டிப்பு என்றால் ஹைப்ரிட்டைத் தவிர வேறு கதியில்லை. ஏறத்தாழ எண்பது விதமான அமைப்புகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்து, கழித்துக் கழித்து நாலைந்தாக்கி, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1995ஆம் வருஷத்து டோக்கியோ கண்காட்சியில் ‘பிரியஸ்’ என்று பேர் சூட்டி ஒரு மாதிரி வண்டியைப் பார்வைக்கு வைத்தார்கள். ஆனால் அதே பருவத்தில் பரிசோதனைக்காகக் கட்டிய முதல் வண்டி நாற்பத்தொன்பது நாள் அசைய மறுத்தது. கோளாறு என்ஜினிலா, மோட்டாரிலா, பாட்டரியிலா, கட்டளைகளை எழுதிய மென்பொருளிலா என்று தேடித் தேடி அலுத்து, டிசம்பர் மாதக் கடைசியில் ஒருவழியாக நகர்த்தியபோது அது ஐந்நூறு மீட்டர் தூரம் ஓடி நின்றது. அந்த நிலையில் இருந்த வண்டியை 1998 முடிவில் விற்பனைக்குக் கொண்டுவருவதே பேராசை என்று பொறியாளர்கள் நினைத்திருக்க, புதிதாகத் தலைமைப் பொறுப்பேற்ற ஹிரோஷி ஒகுதா ‘ஒரு வருஷம் முன்னதாகவே கொண்டுவாருங்கள்’ என்றார்! கம்பெனி மேலாளர்கள் பரிசோதனை வண்டியில் ஏறிப் பார்த்த நாட்களில், பாட்டரி சூடாகித் தீப்பிடித்துவிடக்கூடாதே என்று ஒருவர் மடிக் கம்ப்யூட்டரும் கையுமாகப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டே போனாராம். 1997 டிசம்பர் 10ஆம் தேதி பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 21 லட்சத்து 50 ஆயிரம் யென். அந்த விலையில் கம்பெனிக்கு லாபம் நிற்காது என்பது அப்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வண்டியின் உட்புறத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது அவசியம். அதில் கிளட்ச் இல்லை, கியர்ப் பெட்டியும் வழக்கமான அர்த்தத்தில் இல்லை. நடுவே ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிவரும் சில சிறு சக்கரங்கள், அவற்றைச் சூழ்ந்து உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். கிரக மண்டலம்போல அமைந்திருப்பதால் கிரகச் சக்கரம் என்றே அதற்குப் பேர். சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டம் பெட்ரோல் என்ஜினோடும், நடுச்சக்கரம் சிறிய மோட்டாரோடும், வெளிவளையம் பெரிய மோட்டாரோடும் சாலைச் சக்கரங்களோடும் இணைந்திருக்கின்றன. என்ஜினின் திருகுவிசையில் சுமார் 28 சதவீதம் நடுச்சக்கரத்துக்கும் மீதி 72 சதவீதம் வளையத்துக்கும் போகவேண்டும் என்பது பல்லின் கணக்கால் நிச்சயமானது, யாராலும் மாற்றமுடியாது. மாற்றக்கூடியது ஒன்றே: சிறிய மோட்டார் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகச் சுழல்வது என்பது. அதைக் கணத்துக்குக் கணம் மாற்றித்தான் என்ஜினை அதற்கு உகந்த சிக்கனமான சுழற்சியில் கம்ப்யூட்டர் நிறுத்திவைக்கிறது. அந்தச் சிறிய மோட்டாரின் பிடி தளர்ந்தால் என்ஜின் தன்பாட்டுக்கு வெறுமனே சுற்றும். சக்கரத்துக்கு ஒரு துளி பலமும் போய்ச் சேராது. சாதாரணப் பெட்ரோல் காரில் மின்னணுப் பெட்டி என்பது என்ஜினுக்குக் காவலாகச் சேர்த்த உபகரணம். இங்கோ அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரு டன் இரும்பு. சிகாகோ வண்டியின் இரண்டு விரல்கள் செய்யமுடியாமல் தவித்த வேலையை விநாடிக்குப் பல நூறு முறை இந்தப் பெட்டி செய்கிறது.

2003இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் இந்த மாற்றம் ஓட்டுகிறவருடைய கைக்கும் காலுக்குமே எட்டிவிட்டது. சாவியைத் திருகுவதற்குப் பதிலாக, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். உறுமல் ஒன்றும் கேட்காது. ‘ரெடி’ என்று ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். கியர்க் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீலக் குமிழ் ஒன்று. அதை முன்னோட்டத்துக்கோ பின்னோட்டத்துக்கோ தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் குமிழ் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நாம் எந்த கியரில் இருக்கிறோம் என்பது இனிமேல் கைக்குத் தெரியாது, கண்ணாடிக்கடியில் எரியும் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். பிரேக் விஷயம் இன்னும் நுட்பமானது. பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் நேரே சக்கரத்துக்குப் போவதில்லை; மிதியின் ஆழத்தையும் விசையையும் உணரிகள் அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதில் எத்தனை பங்கை மோட்டாரைக் கொண்டு தடுத்துப் பாட்டரிக்கு அனுப்புவது, எத்தனை பங்கை உராய்வுக் கட்டைகளிடம் விடுவது என்று பிரித்துக் கொடுக்கிறது. காலுக்கு எதிர்ப்பு இருந்தால்தானே மனிதனுக்குத் திருப்தி? அதற்காகவே உள்ளே ஒரு வில்லமைப்பை வைத்து, பழைய பிரேக்கை மிதிப்பது போன்ற உணர்ச்சியைக் காலுக்குப் போலியாகக் கொடுத்திருக்கிறார்கள். மின்சாரம் முற்றிலும் நின்றுபோனால் வால்வுகள் தாமே திறந்து, பெடலுக்கும் முன்சக்கரங்களுக்கும் பழைய எண்ணெய் வழி மீண்டும் பிறக்கும்படியான ஏற்பாடும் உண்டு. ஆக, நம் முன்னோர்கள் ஓட்டிய வண்டி உள்ளே ஒளிந்துகொண்டு அவசரத்துக்குக் காத்திருக்கிறது.

இப்பேர்ப்பட்ட வண்டியை ஜனங்கள் எப்படி நம்பி வாங்கினார்கள்? அமெரிக்காவில் இக்காலத்து முதல் ஹைப்ரிட்டாக 1999 டிசம்பரில் ஹோண்டாவின் இன்சைட் வந்தது. மறுவருஷம் பிரியஸ் வந்தது. சினிமா நட்சத்திரங்கள் சிலர் 2003இல் ஆஸ்கர் விருது விழாவுக்குப் பிரியஸில் போய் இறங்கினார்கள். கலிபோர்னியாவில், தனியாளாக ஓட்டினாலும் கூட்டுப் பிரயாணிகளுக்கான பிரத்தியேகத் தடத்தில் போகலாம் என்று ஹைப்ரிட் கார்களுக்கு ஒட்டுவில்லை கொடுத்தார்கள். அது வண்டியின் விலையை நியாயப்படுத்தப் போதுமானதாக இருந்தது. ஆனால் நம்பிக்கையை வளர்த்ததில் பெரும்பங்கு டாஷ்போர்டின் நடுவில் இருந்த ஒரு சின்னத் திரைக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். என்ஜினிலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து பாட்டரிக்கு, பாட்டரியிலிருந்து மோட்டாருக்கு என்று சக்தி பாயும் திசையை அம்புக்குறிகளால் அது காட்டிக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவரிடமிருந்து அதிகாரத்தை வாங்கிக்கொண்ட யந்திரம், தான் என்ன செய்கிறேன் என்று அவருக்குக் கணக்கு ஒப்பித்தது. எஜமானருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சிலர் அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்து ஆக்ஸிலரேட்டரில் காலை எப்படி வைப்பது என்று புதிதாகக் கற்றுக்கொண்டு, ஒரு காலன் பெட்ரோலில் அசாத்தியமான தூரம் ஓட்டிக்காட்டுவதை ஒரு விரதமாகவே அனுஷ்டித்தார்கள்.

சர்க்கார் அச்சிட்ட மைலேஜ் எண் ஒன்றுதான் சொன்னபடி வரவில்லை. 2004ஆம் வருஷத்துப் பிரியஸுக்கு காலனுக்கு ஊருக்குள் 60 மைல், நெடுஞ்சாலையில் 51 மைல் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். பெரும்பாலோருக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. பரிசோதனை முறையே பழசாகிவிட்டதென்று 2008இல் அதைத் திருத்தியபோது அந்த எண்கள் 48, 45 என்று இறங்கின. நெடுஞ்சாலையைவிட நெரிசலில் அதிகம் ஓடும் கார் என்ற விசித்திரம் மட்டும் மாறவில்லை. நின்று நின்று போகும்போது இழக்கும் சக்தியைத் திரும்பப் பிடிப்பதே அதன் வித்தை.

அவநம்பிக்கையின் காலமும் வந்தது. 2005இல், ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை விளக்குகள் எரிந்து என்ஜின் நின்றுவிடுவதாகப் புகார்கள் வந்து, மென்பொருளில் ஒரு பிழையென்று கண்டு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 75,000 பிரியஸ் கார்களைப் பட்டறைக்கு அழைத்தார்கள். பட்டறையில் ஸ்பானர் எடுக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு கம்பியை மாட்டி புதிய கட்டளைத் தொகுதியை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெரிய புயல் அடித்தது 2009, 2010ஆம் வருஷங்களில். டொயோட்டா கார்கள் சில தாமாகவே வேகமெடுத்து ஓடுகின்றன என்ற பீதி அமெரிக்கா முழுவதும் பரவியிருந்த அந்த வேளையில், மேடுபள்ளமான, வழுக்கலான ரஸ்தாவில் பிரியஸின் பிரேக் ஒரு கணம் பிடி விட்டாற்போல் இருக்கிறது என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. மோட்டார்த் தடுப்பிலிருந்து எண்ணெய்த் தடுப்புக்கு மாறும்போது நேரும் மிகச் சிறிய தாமதம் அது. பயந்தவன் காலுக்கு அது யுகமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 2010 பிப்ரவரியில் உலகமெங்கும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றினார்கள். ஆப்பிள் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், தம் பிரியஸின் தானியங்கி வேகக் கட்டுப்பாடு தாறுமாறாக வேகமெடுக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னதும், கம்ப்யூட்டரைச் செய்தவரே கம்ப்யூட்டரை நம்பவில்லையே என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அந்த மாதம் 24ஆம் தேதி, கம்பெனியைத் தோற்றுவித்தவரின் பேரனான அகியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் நேரில் ஆஜராகி மன்னிப்புக் கேட்டார்.

தானே வேகமெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கார்களில் பெரும்பாலானவை ஹைப்ரிட் அல்ல என்பதை இங்கே சொல்லவேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போன இரும்புக் கம்பி, சாதாரணப் பெட்ரோல் கார்களிலேயே எப்போதோ மின்கம்பியாக மாறிவிட்டது. விசாரணைக்கு நாஸா ஸ்தாபனத்தின் நிபுணர்களை அழைத்தார்கள். பத்து மாதம், இரண்டு லட்சத்து எண்பதாயிரம் வரிக்கு மேற்பட்ட மென்பொருளையும், சில பெடல் உணரிகளில் தகரம் தானாக வளர்த்திருந்த, மயிரைவிட மெல்லிய இழைகளையும்கூட ஆராய்ந்துவிட்டு, 2011 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், கார்கள் ஓடியதற்கு மின்னணுக் கோளாறு காரணமென்று சாட்சியம் கிடைக்கவில்லை என்றார்கள். கிடைக்கவில்லை என்பதனால் நடக்கவே நடக்காது என்று ஆகிவிடாது என்றும் எழுதிவைத்தார்கள். ஒரு கம்பியை இழுத்துப் பார்த்து, ‘இது நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியும். லட்சக்கணக்கான வரிகளைப் பற்றி அப்படிச் சொல்ல எந்தச் சத்தியசந்தனாலும் முடியாது. 2013இல் ஓக்லஹோமாவில் 2005ஆம் வருஷத்து கேம்ரி கார் ஒன்றைப் பற்றிய வழக்கில், மைக்கேல் பார் என்ற மென்பொருள் நிபுணர் கட்டளைத் தொகுதியின் குறைகளை எடுத்துக்காட்ட, ஜூரர்கள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் மறுவருஷம் அமெரிக்க நீதி இலாகாவுக்குக் கம்பெனி 120 கோடி டாலர் அபராதம் கட்டியது மென்பொருளுக்காக அன்று; தரைவிரிப்பும் பெடலும் சிக்கிக்கொள்ளும் குறைகளைப் பற்றி ஜனங்களுக்கு உண்மையை மறைத்ததற்காக.

அதே 2014இல், மின்னழுத்தத்தை உயர்த்தும் பாகத்தின் டிரான்ஸிஸ்டர்கள் சூடேறிச் சேதமாகலாம் என்று 19 லட்சம் பிரியஸ் கார்களை மென்பொருள் மாற்றத்துக்கு அழைத்தபோது உலகம் ஒரு கொட்டாவியோடு அதைக் கேட்டுக்கொண்டது. பயம் தெளிந்ததற்கு அறிக்கைகளோ தீர்ப்புகளோ காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. வாடகை வண்டிக்காரர்களே காரணம். வான்கூவர் நகரத்தில் ஒருவர் முதல் தலைமுறைப் பிரியஸை மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட, கம்பெனியாரே அந்த வண்டியைத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். டாக்ஸிக்காரர் ஒரு வண்டியை நம்புகிறார் என்றால், அது மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை.

தமிழர்கள் வாழும் பிரதேசங்களில் ஹைப்ரிட் கார் முதலில் சாதாரணப் பொருளானது இலங்கையில்தான். வரிச்சலுகையின் நிழலில் ஜப்பானில் ஓடிப் பழகிய பிரியஸும், 2011க்குப் பின் அதே கம்பெனியின் அக்வாவும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின; கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை அவை ஓடாத வீதி இல்லை. உள்ளூர் கராஜ்காரர்களும் சளைக்கவில்லை. இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பாட்டரியில் 28 மொடியூல்கள் தொடராகக் கோத்து 201.6 வோல்ட் தருகின்றன; அவற்றில் ஒன்றிரண்டு தளர்ந்தாலே டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரியும். முழுப் பாட்டரியையும் மாற்றச் சொல்லும் கம்பெனிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ரப்பர்க் கையுறை மாட்டி, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு மொடியூலாக மீட்டர் வைத்து அளந்து, கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு பழைய பாட்டரியின் நல்லதைப் பூட்டி அனுப்பும் தொழில் அங்கே தழைத்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெட்ரோல் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டு, கடைசியில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லிட்டர் என்று பங்கீடு வந்தபோது, அந்த இருபது லிட்டரை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது ஹைப்ரிட் வைத்திருந்தவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்தியாவில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட்டைச் சுமார் இருபத்தொன்றரை லட்ச ரூபாய்க்கு விற்க முயன்று, வாங்குவாரின்றிச் சில மாதங்களில் பல லட்சம் குறைக்கவேண்டி வந்தது. 2010இல் வந்த பிரியஸும் பணக்காரர் வீட்டு வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிட்டது. 2022இல் பெங்களூருக்குப் பக்கத்து பிடதி ஆலையிலிருந்து மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்ற எண்ணோடு வெளிவந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்கள் ஷோரூம் வாசலில் நின்று விசாரிக்கத் தொடங்கின. அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் சுவையாக இருக்கும். பாட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம் என்கிறீர்களே, ஒன்பதாம் வருஷம் போய்விட்டால் என்ன விலை? சென்னை வெள்ளத்தில் வண்டி இடுப்பளவு மூழ்கினால் ஷாக் அடிக்குமா? விற்கப்போனால் யார் வாங்குவார்கள்? பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறதே என்று கேட்கிறவர் அபூர்வம். அப்படி ஒருவர் கேட்டுவிட்டாலும் விவரமாகப் பதில் சொல்லத் தெரிந்த விற்பனையாளர் அதைவிட அபூர்வம்.